தறப்பாள் கூரைக்குள் பாலன்

இந்த முறை நத்தாருக்கு எங்கள் வீட்டில் வைக்கும் பாலன் இயேசுவின் குடிலுக்கு வைக்கோல் கூரை போடவில்லை. ஒரு துண்டு நீலத் தறப்பாள்தான் கட்டினேன். வந்து பார்த்த மாமிக்கு மனம் பொறுக்கவில்லை. "என்ன தம்பி, பாலனுக்கு இதுதான் மரியாதையோ?" என்று கேட்டார்.

"வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்று யோவான் நற்செய்தியில் (1:14) வாசிக்கிறோம். குடிகொண்டார் என்றதும் கோயிலுக்குள் இருக்கும் சுரூபம்தான் நம் நினைவுக்கு வருகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கூடாரம் அடித்தார் என்று பொருள். இதை முதன்முதல் அறிந்தபோது எனக்கு 2005 தை மாதம் கண்முன் வந்தது. நத்தாருக்கு மறுநாள் சுனாமியாகக் கடல் வந்து, வீடு போய், திருகோணமலையில் எத்தனையோ குடும்பங்களோடு நாங்களும் கூடாரத்தில் இருந்தோம். பகலில் வெக்கை. மழை பெய்தால் பாய்க்கடியில் தண்ணீர். எங்கள் இருமல், சண்டை, அழுகை எல்லாம் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கும், அவர்களுடையது எங்களுக்கும் கேட்கும். கடவுள் அப்படியொரு பக்கத்துக் கூடாரக்காரராக வந்தார் என்றுதான் நான் அந்த வசனத்தை வாசிக்கிறேன்.

நம் பக்தியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இயேசு கடவுள் என்று உரக்கச் சொல்கிறோம். அவருக்குப் பசித்தது, அலுத்தது என்று சொல்லக் கூச்சப்படுகிறோம். அவருக்கு உடல் இருப்பதுபோலத் தோன்றியது மட்டும்தான் என்று ஆதியிலேயே சிலர் போதித்தார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கம் அவர் உண்மையான கடவுள், உண்மையான மனிதர் என்று அறிக்கையிட்டது. சரி, அறிக்கை நமக்கும் தெரியும். ஆனால் சமாரியாவின் கிணற்றடியில் களைத்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டவரை, இறந்துபோன நண்பன் இலாசருக்காகக் கண்ணீர் விட்டவரை அவசரமாகக் கடந்துவிடுகிறோம்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில், புயலுக்குள் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறாரே, அந்தத் தூக்கத்தைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. புயலை அடக்கியது பற்றித்தான் கேட்டிருக்கிறேன். என் அப்பா கடல்தொழிலாளி. விடிய விடிய வலை இழுத்துவிட்டு வந்து படுத்தால், முகத்தில் தூவானம் அடித்தாலும் எழும்பமாட்டார். நாள் முழுக்கச் சனத்துக்குப் போதித்துவிட்டுப் படகேறியவருக்கும் அப்படித்தான் நித்திரை வந்திருக்கும்.

நத்தாருக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் இங்கே வாடைக்காற்றோடு வருகிறது. கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், கடைக் கொப்பியில் கடன் ஏறும். கோயிலில் ஊதா மெழுகுதிரி ஏற்றும்போது, காத்திருப்பது என்றால் என்னவென்று இந்த வீடுகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கடவுளும் காத்திருந்தார். அவசரப்படுத்த முடியாத மாதங்கள், ஒரு பெண்ணின் வயிற்று இருட்டுக்குள், அவள் சாப்பிட்டதில் வளர்ந்தபடி.

மாமிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அன்று அவரும் எங்களோடு இருந்தவர்தான். "அந்தக் கூடாரம் ஞாபகம் இருக்கா மாமி?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் குடிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தறப்பாளின் ஒரு மூலை தொங்குவதைக் கண்டு, கயிறு கேட்டு வாங்கி, இழுத்துக் கட்டிவிட்டார். பாலனை 24ஆம் திகதி இரவுதான் வைப்போம்.