சந்தா இடத்துக்குத்தான், முகம் பிரிப்பதற்கு அல்ல

"கூகுள் ஃபோட்டோஸுக்கு மாதச் சந்தா கட்டினால்தான் ஏஐ முகம் முகமாகப் படங்களைப் பிரித்துத் தரும், நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும்" என்று ஒரு பதிவில் படித்தேன். இரண்டுமே சரியில்லை. இதை நம்பி, பயந்துபோய் யாரும் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முகவாரியாகத் தொகுப்பது, "கடற்கரை" என்று தட்டினால் கடற்கரைப் படங்கள் வருவது, இவை இலவசக் கணக்கிலேயே உண்டு. சந்தா முக்கியமாகச் சேமிப்பு இடத்துக்கு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்குபோடுகின்றன. 2021 ஜூன் 1க்கு முன்பு 'உயர் தரம்' என்ற அமைப்பில் (படத்தைச் சற்றுச் சுருக்கிச் சேமிக்கும் முறை) ஏற்றிய படங்கள் இந்த 15 ஜிபி அளவில் சேராது. பழைய குடும்பப் படங்கள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தாவை நிறுத்தி, அளவும் மீறியிருந்தால் புதிய படங்கள் ஏறாது. மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகலாம். உண்மையில் இதுதான் பெரிய தொல்லை. ஆனால் படங்கள் அன்றைக்கே போய்விடாது. இரண்டு வருடம் தொடர்ந்து அளவு மீறியே இருந்தால்தான் நீக்கப்படலாம். அதற்குள், நம் தரவுகளை இறக்கிக்கொள்ள கூகுளே தரும் டேக்அவுட் என்ற வசதி வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், முகம் பிரிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேலையை உங்கள் கணினியிலேயே செய்கிறது, படங்கள் வெளியே போவதில்லை. பெயர்களை முதலில் நாமே கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.