கல்லாவில் கை வைக்காமல் எத்தனை மாதம்?

போன வாரம் வட சென்னையில் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, டி.எச். ரோட்டுல ஒரு கடை காலியா இருக்கு. ஜூஸ் கடை போடலாம்னு பாக்கறேன். மூணு லட்சம் இருந்தா போதும்ங்கறாங்க. லோன் எங்கக்கா சீக்கிரம் கிடைக்கும்?" என்று கேட்டாள்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "கடையிலேர்ந்து ஒரு ரூபாகூட எடுக்காம உங்க வீடு எத்தனை மாசம் ஓடும்?"

அவளிடம் பதில் இல்லை. எந்த மிக்சி, கோயம்பேட்டில் யாரிடம் பழம், போர்டு என்ன நிறம் என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். இதை மட்டும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. 2016-ல் என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் சித்திரையில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் நைட்டி, உள்பாவாடை, குழந்தைகள் துணி விற்கும் சின்னக் கடை போட்டேன். நகையை அடகு வைத்ததும் சீட்டு எடுத்ததும் சேர்த்து 1,40,000 ரூபாய். அட்வான்ஸ் 40,000. ரேக், லைட், ஷட்டர் ரிப்பேர் 20,000. மீதி 80,000-க்கு எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்குச் சரக்கு எடுத்தேன். நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பரில் கடையை மூடினேன். ரொம்ப நாள் எல்லோரிடமும் "செல்லாத நோட்டால போச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் அதை நம்பினேன்.

2018-ல் வீடு மாறும்போது பழைய கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரி 1,500 ரூபாய் வியாபாரம் நடந்திருக்கிறது. சந்துக்குள் இருக்கும் கடைக்கு அது மோசமில்லை. அதில் லாபம் 350. மாதம் 26 நாளுக்கு 9,100. வாடகை 4,000, கரண்ட் 600 போனால் கையில் 4,500. ஆனால் நான் தினமும் கல்லாவிலிருந்து எடுத்தது சராசரி 300. காய்கறிக்கு 80, கேஸுக்கு ஒரு நாள், பையன் ஸ்கூல் வேனுக்கு ஒரு நாள். மாதம் 9,000 ஆகிவிடுகிறது. வந்தது 4,500, எடுத்தது 9,000. ஆறு மாதத்தில் 27,000 ரூபாயைக் குடும்பம் தின்றிருக்கிறது. கூடவே தெரிந்தவர்களுக்குக் கொடுத்த கடன் பாக்கி 18,000. அக்டோபர் முடிவில் 80,000 ரூபாய் சரக்கு 35,000-க்கு இறங்கிவிட்டது. நோட்டு செல்லாமல் போவதற்கு முன்பே முதலுக்கு மோசம் வந்துவிட்டது.

இது ஏன் அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். சரக்கு குறைவது ஒரே நாளில் நடப்பதில்லை. ரேக்கில் முன் வரிசை நிரம்பித்தான் இருக்கும், பின்னால்தான் காலி. நாற்பது நைட்டி இருந்த இடத்தில் பதினைந்து இருக்கும்போது வாடிக்கையாளர் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு "வேற டிசைன் இல்லையா" என்று போய்விடுவார். வியாபாரம் குறையும். குறைந்தாலும் வீட்டுச் செலவு குறையாது. அன்றைக்கும் 300 எடுப்போம். கல்லாவில் இருப்பதெல்லாம் நம் சம்பாத்தியம் என்று கை நினைத்துக்கொள்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் அடுத்த சரக்குக்கான பணம். கல்லாப் பெட்டிக்கு அது தெரியாது. நோட்டில் எழுதினால்தான் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் எழுதி வைத்தேன், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் மூடிய கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் விசாரிப்பேன். ஆள் வராமல் மூடியது குறைவு. ஆள் வந்துகொண்டிருக்கும்போதே மூடியதுதான் அதிகம். அதனால்தான் சொல்கிறேன், கடை போடுவதற்கான பணத்துக்கு முன்னால் கடையைத் தொடாமல் வீடு நடக்கும் பணம் வேண்டும். ஆறு மாதத்துக்காவது வேண்டும். கணவர் சம்பளமோ, அம்மாவின் பென்ஷனோ, பகுதி நேர வேலையோ, தனியாக வைத்த சேமிப்போ எதுவாகவும் இருக்கலாம். மூன்று லட்சம் கையில் இருந்தால் இரண்டு லட்சத்துக்குள் அடங்கும் கடையைப் பாருங்கள். மீதி வீட்டுக்கு.

அடுத்தது தண்டல், அதாவது தினமும் வாசலுக்கு வந்து வசூலிக்கும் கடன். வட சென்னையில் இதைப் பேசாமல் வியாபாரம் பேச முடியாது. 10,000 எழுதினால் 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். அந்த 8,500 முழுசாக நம்மிடம் 100 நாளும் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதிக்கு 100 நாளில் 1,500 வட்டி. வருடக் கணக்கில் போட்டால் நூற்றுக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிடும். அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. இருந்தும் தண்டல் நோட்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தண்டல் எடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். "மதியத்துக்குள்ள கூடை காலி ஆயிடும்மா, சாயங்காலம் நூறு ரூபா எடுத்து வெக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்" என்பார். அவருக்குப் பணம் ஒரே நாளில் சுற்றி வருகிறது. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, கேட்ட அன்றே பணம் வாசலுக்கு வருகிறது. எந்த வங்கி அப்படித் தருகிறது? ஆனால் துணிக்கடையில் ஒரு நைட்டி விற்க 50 நாள் ஆகும். தண்டல்காரர் மறுநாளே வந்து நிற்பார். மெதுவாக நகரும் சரக்குக்குத் தினக் கடன் வாங்கினால், ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பதில்தான் போய் முடியும். பக்கத்துக் கடை அண்ணன் மூன்று தண்டல் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் போணி ஆவதற்கு முன்பே முதல் ஆள் வந்துவிடுவார். அந்த அண்ணன் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வங்கிக் கடன் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் தரலாம். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் ஸ்வநிதி வந்தது. முதலில் 10,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000 என்று அது தொடங்கியது. நான் போன ஒரு வங்கிக் கிளையில் ஜாமீன் ஆள் கேட்டு நான்கு முறை அலைய விட்டார்கள். வேறொரு கிளையில் ஆறு மாதக் கணக்கு நோட்டைக் காட்டினேன். உட்கார வைத்துப் பேசினார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணமே கிடையாது. அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

சரி, நான் இரண்டாவது முறை என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

2018-ல் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே இட்லி மாவு போட ஆரம்பித்தேன். போர்டு இல்லை, பூஜை இல்லை. இருந்தது கல்யாணத்துக்கு வந்த 2 லிட்டர் கிரைண்டர். முதல் எட்டு வாடிக்கையாளரும் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 3 கிலோ மாவு வரும். கிலோ 30 என்று 90 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்புக்கு 62. தண்ணீர், கவர், கரண்ட்டுக்கு 8. மிச்சம் 20. தண்ணீரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. முதல் வாரம் அதில்தான் அரைத்தேன். கீழ் வீட்டு ஆயா ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாமா, தோசை கசக்குது" என்றார். அன்றிலிருந்து கேன் தண்ணீர்தான். அந்த ஆயா சொல்லாமல் இருந்திருந்தால் பத்து நாளில் எட்டுப் பேரும் போயிருப்பார்கள். உங்கள் பொருளைச் சாப்பிட்டுவிட்டு முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய நாலு பேர் நடக்கிற தூரத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

எட்டு மாதம் மாவுப் பணத்தில் ஒரு ரூபாய் வீட்டுக்கு எடுக்கவில்லை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது. "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அரைக்கிற, காசு எங்க?" என்று கேட்டிருக்கிறார். காசு பெரிய டில்டிங் கிரைண்டராக மாறியது. ஒன்பதாவது மாதத்திலிருந்து எனக்குச் சம்பளம் போட்டுக்கொண்டேன், ஒரு நாளைக்கு 200 ரூபாய். வேலைக்காரிக்குக் கொடுப்பதுபோல் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். 201-வது ரூபாய் வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டேன், கல்லாவிடம் கேட்கவில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு நான் போட்டபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சடித்த பிறகுதான் மளிகைக் கடைக்காரர்கள் மாவை வாங்கி வைத்தார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். கவரில் எடை, விலை, தயாரித்த தேதி இருக்க வேண்டும். வியாபாரம் பெருகினால் வீட்டுக் கரண்ட்டில் ஓட்டாதீர்கள், பிடித்தால் அபராதம். இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

மழைதான் பெரிய விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான்கு நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த 60 கிலோ மாவு பொங்கிப் புளித்து வழிந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். ஐந்தாவது நாள் கரண்ட் வந்ததும் அரிசி ஊற வைத்தேன். எப்படி முடிந்தது என்றால், தை மாதத்திலிருந்தே வாரம் 150 ரூபாய் மழைக்கென்று தனிக் கணக்கில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அந்த மழையில் சரக்கை இழந்து, அதே வாரம் தண்டலுக்குப் போன ஐந்தாறு பேரை எனக்குத் தெரியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று எங்கே கடை போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளாவது வியாபாரம் இருக்காது என்று கணக்கு எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கடன் தவணைக்கு மழை லீவு கிடையாது.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். வீட்டுச் செலவை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். முதலில் 11,000 என்றாள். கேஸ், தம்பியின் டியூஷன், அம்மாவின் சுகர் மாத்திரை, மாதம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வரும் மொய் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினோம். 17,400 வந்தது. ஆறு மாதத்துக்கு 1,04,400. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ மூணு லட்சம் பத்தாதாக்கா?" என்றாள்.

"டி.எச். ரோட்டுக்குப் பத்தாது. நம்ம காம்பவுண்ட் வாசல்ல ஒரு மேசைக்கு?" என்றேன்.

நோட்டை மடித்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று மேலே போயிருக்கிறாள்.