கனடா டாக்டர்கள் அரசு ஊழியர்களா?

"கனடாவில் நடப்பது சோஷலிச மருத்துவம், டாக்டர்கள் எல்லாரும் அரசுச் சம்பளக்காரர்கள்" என்று ஒரு பதிவு பகிரப்பட்டிருக்கிறது. முதல் பாதி அவரவர் கருத்து, விட்டுவிடலாம். இரண்டாம் பாதி தகவல், அது சரியில்லை.

அங்கே பெரும்பாலான டாக்டர்கள் சுயதொழில் செய்பவர்கள். கிளினிக் வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் அவர்கள் வருமானத்திலிருந்துதான் போகும். நோயாளியின் சுகாதார அட்டை எண்ணையும் செய்த சேவைக்கான குறியீட்டையும் போட்டு மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு பில் அனுப்புவார்கள். சம்பளத்தில் இருப்பவர்களும், பதிந்த நோயாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களும் உண்டு. ஆனாலும் 'எல்லாரும்' என்பது பொருந்தாது. பணம் கட்டுபவரையே முதலாளி என்று எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

இத்தனைக்கும், 1962-இல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் இந்த அரசுக் காப்பீட்டைக் கொண்டுவந்தது சோஷலிசக் கட்சி அரசு. அதை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் அரசும் டாக்டர்களும் செய்துகொண்ட சஸ்கடூன் ஒப்பந்தத்திலும் சேவைக்குக் கட்டணம் என்ற முறையே நிலைத்தது.

நீங்களே சரிபார்க்கலாம். கனடா நீதித்துறை இணையதளத்தில் 1984 கனடா சுகாதாரச் சட்டத்தைத் திறந்து 8-ஆம் பிரிவைப் படியுங்கள். லாப நோக்கின்றிப் பொது அமைப்பு நடத்த வேண்டும் என்று அது சொல்வது காப்பீட்டுத் திட்டத்தை. டாக்டர் அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அடுத்து ஒன்டாரியோ மாகாணச் சுகாதார அமைச்சகத்தின் டாக்டர் கட்டணப் பட்டியல், இலவச பி.டி.எஃப். அதில் A007 என்ற குறியீட்டைத் தேடினால், குடும்ப டாக்டரின் சாதாரணப் பரிசோதனை ஒன்றுக்கு எவ்வளவு டாலர் என்று தெரியும். மாதச் சம்பளக்காரருக்கு இப்படியொரு பட்டியல் தேவைப்படாது.