நித்யகல்யாணி மருந்துன்னா சைடு எஃபெக்ட் இருக்காதா?
"செடியில இருந்து வர்ற கேன்சர் மருந்து, அதனால பக்கவிளைவு கம்மி"ன்னு கட்டுரைல ஒரு வரி போட்டிருக்கீங்களே, அது மட்டும் சரியில்ல, எங்க அக்கா பொண்ணுக்கு ரத்தப்புற்றுநோய் வந்தப்ப வாரம் ஒரு தடவ வின்கிரிஸ்டின்ங்கற கேன்சர் ஊசி போட்டாங்க, அது நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்ற அதே நித்யகல்யாணி இலைல இருந்து எடுக்கறதுதான், மூணாவது ஊசிக்கப்புறம் புள்ளைக்கு சட்டை பட்டன் போட வரல, விரலெல்லாம் மரத்துப்போச்சுங்கறா, நடந்தா கால் முன்பாதம் தரையில தட்டுது, மலச்சிக்கல் வேற படுத்தி எடுத்துச்சு. செல்லு ரெண்டா பிரியறப்ப உள்ள ஒரு குழாய் மாதிரி அமைப்பு உருவாகும், மருந்து அதைத்தான் கட்டவிடாம தடுக்குது, ஆனா நரம்புக்கும் அதே குழாய்தானே ஆதாரம், பின்ன எப்படி சும்மா விடும்? இதே செடில இருக்கற வின்பிளாஸ்டின்ங்கற இன்னொரு கேன்சர் மருந்துக்கும் இதுக்கும் வித்தியாசம் நைட்ரஜன் மேல ஒட்டியிருக்கற ஒரே ஒரு சின்ன அணுக்கூட்டம்தான், அதுல மெத்தில், இதுல ஃபார்மைல், அவ்ளோதான், ஆனா அது எலும்பு மஜ்ஜையப் போட்டு அடிக்கும், இது நரம்பை. மேல ஒருத்தர் இலைய கஷாயம் வச்சு குடிச்சா போதும்னு எழுதிருக்கார், அண்ணே, டன் கணக்கா இலை போட்டாத்தான் கிராம் கணக்குல மருந்து கிடைக்கும், அதையும் நேரா ரத்தக்குழாய்லதான் ஏத்துவாங்க, தவறி முதுகுத்தண்டு நீர்ல போச்சுன்னா ஆளே காலி. 1950கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இந்தச் செடிய சுகருக்குன்னுதான் டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சாங்க, சுகர் குறையல, எலிக்கு வெள்ளையணு குறைஞ்சுது, அந்த "பக்கவிளைவு"தான் கடைசில மருந்தாச்சு. புள்ள இப்ப காலேஜ் போறா, கால் மட்டும் இன்னும் கொஞ்சம் மரமரங்குதாம்.