ஆமாம், கோலம்தான் போட்டேன்

வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் அந்த போட்டோவை இந்நேரம் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கரும்பலகையில் என் சாக்பீஸ் படம், கீழே "தர்மபுரிக்கு மார்கழி சீக்கிரமே வந்துடுச்சு" என்று ஒரு நக்கல், அதற்குச் சிரிக்கும் பொம்மைகள் முப்பது நாற்பது. அதில் ஒரு பொம்மை எனக்கே பாடம் எடுத்தவர் போட்டது. சரி, இருக்கட்டும்.

ஆமாம், கோலம்தான். நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு சர்க்கிள் ஆஃப் வில்லிஸ் என்கிற மூளை ரத்தக்குழாய் வளையத்தைக் கோலமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாததால் நானே சொல்கிறேன். இரண்டு கவட்டைக் குச்சிகளை எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, கைப்பிடியோடு கைப்பிடி ஒட்டுங்கள். கீழ்க் கொம்புகள் இரண்டும் கழுத்து முள்ளெலும்புகளுக்குள் புகுந்து ஏறி வரும் வெர்டிபிரல் ஆர்டரிகள். ஒட்டிய கைப்பிடி பேசிலார். மேல் கொம்புகள் மூளையின் பின்பக்கம் போகும் போஸ்டீரியர் செரிப்ரல். அதற்கு மேலே இடமும் வலமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள், அவை கழுத்தின் இருபக்கமும் ஏறி வரும் கரோட்டிட். புள்ளியிலிருந்து வெளியே கோடு இழுத்தால் மிடில் செரிப்ரல், முன்னால் இழுத்தால் ஆன்டீரியர். முன்கோடுகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பாலம், பின்னால் பக்கத்துக்கு ஒரு பாலம். வளையம் மூடிவிட்டது. மூன்று நிமிடம்கூட ஆகாது. வாசலில் பதினைந்து புள்ளி சிக்குக் கோலத்தை அரைத் தூக்கத்தில் போடுகிற பிள்ளைகளுக்கு இது ஒரு வேலையா?

"நிஜ மூளையில் இப்படியா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். புத்தகத்தில் இருக்கிற மாதிரியும் இருக்காது ஐயா. அந்த வளையம் புத்தகத்தில் உள்ளபடி முழுசாக அமைந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு பாலம் நூல் மாதிரி இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. இதையும் அதே பலகையில்தான் சொன்னேன், போட்டோவில் குரல் விழவில்லை.

"முப்பரிமாண ஆப் எல்லாம் வந்துவிட்டதே." வந்துவிட்டது. பாலக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பிள்ளையிடம் என்ன போன் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார். சிறுமூளையின் அடிப்பக்கம் போகும் பைகா என்கிற ரத்தக்குழாய் வெர்டிபிரலில் இருந்து கிளம்ப வேண்டும், நான் பேசிலாரில் ஒட்டியிருக்கிறேன் என்று. உண்மைதான். மறுநாளே பிள்ளைகளிடம் சொல்லித் திருத்திவிட்டேன். நக்கல் அடித்த நாற்பது பேரில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

படம் வரைவது அவ்வளவு கேவலமா? 1664-ல், இந்த வளையத்துக்குப் பெயர் தந்த தாமஸ் வில்லிஸ் மூளையைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் படம் போட்டவர்களில் கிறிஸ்டோபர் ரென்னும் ஒருவர். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பின்னாளில் வடிவமைத்தாரே, அவரேதான். அப்போது வானியல் பேராசிரியர். வானியல்காரருக்கு மூளையில் என்ன வேலை என்று நல்லவேளையாக அன்று வாட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்கவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பென்னாகரம் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் வாய் கோணியது. வலது கை தொங்கிவிட்டது. பேச்சு வரவில்லை, ஆனால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். நடக்கிறாரே என்று எல்லாருக்கும் நிம்மதி. காத்து பட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்தார்கள். பெரியம்மா களி கிண்டி, உப்பில்லாமல் கரைத்து ஊட்டினார், அது வாயோரம் வழிந்தது. நான் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மாதம் மிடில் செரிப்ரல் ஆர்டரி பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். மூளையில் முகமும் கையும் அது ரத்தம் பாய்ச்சும் வயலில் இருக்கின்றன, கால் ஆன்டீரியரின் வயலில். அதனால்தான் நடக்கிறார். வலது கையோடு பேச்சும் போய்விட்டதால் அடைப்பு மூளையின் இடப்பக்கம். படம் மனதில் இருந்திருந்தால் இது பக்கவாதம் என்று தெரிய ஒரு நொடி போதும். எனக்கு இருந்தது வெறும் ஸ்பெல்லிங். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நாங்கள் ஆஸ்பத்திரி போனது மறுநாள் மத்தியானம்.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள் மேடம்" என்று வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், படுகிறேன்.

"டாக்டருக்குத்தானே இதெல்லாம், நர்ஸுக்கு எதற்கு" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் உங்கள் வாய் கோணினால் முதலில் பார்க்கப் போவது யார் என்று மட்டும் யோசியுங்கள்.

வரும் திங்கட்கிழமை பன்னிரண்டு கபால நரம்புகளை வைத்து ஒரு முகம் வரையப் போகிறேன். அதையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். ட்யூப் லைட் வெளிச்சம் பலகையில் அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து எடுங்கள், போன தடவை என் ஆன்டீரியர் பாலமே தெரியவில்லை.