டார்க் எவ்வளவு என்று மட்டும் சொல்லாதீர்கள்

எந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "குதிரைத்திறனை விடுங்கள், டார்க்தான் முக்கியம்" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விளம்பரத்தில் டார்க் 250 நியூட்டன் மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எந்தச் சுழற்சி வேகத்தில் (ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அது கிடைக்கிறது என்பதோ மூலையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. விற்பனையாளரிடம் "எத்தனை ஆர்.பி.எம்.மில்?" என்று கேட்டால், "இழுவை பிரமாதமாக இருக்கும் சார்" என்கிறார். பல வருடச் சேமிப்பைக் கொடுத்து வண்டி வாங்க வந்தவருக்கு இதுவா பதில்?

டார்க் என்பது முறுக்குவிசை, அதாவது திருகும் விசை, அவ்வளவுதான். அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். சிறிய பெட்ரோல் எஞ்சின் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியானால் டயர் மாற்றுகிறவரும் அந்த எஞ்சினும் சமமா? அதே அழுத்தத்தோடு நிமிடத்துக்கு 4000 முறை சுற்ற அவரால் முடியாது, எஞ்சினால் முடியும். முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் திறன் (குதிரைத்திறன் அளப்பதும் இதைத்தான்) கிலோவாட்டில் கிடைக்கும். பெருக்கலில் ஓர் எண்ணை மறைத்துவிட்டு மற்றோர் எண்ணைப் பார்த்து வியக்கச் சொல்வது என்ன நியாயம்?

இதைவிட எரிச்சலூட்டுவது கியரை அடியோடு மறந்துவிடுவது. சாலையைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, சக்கரம். எஞ்சினின் முறுக்குவிசை கியர் விகிதத்தால் (சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) பெருகித்தான் சக்கரத்துக்கு வருகிறது. ஒரு டீசல் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தந்து 4000 ஆர்.பி.எம். வரை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்ரோல் எஞ்சின் 150 மட்டுமே தருகிறது, ஆனால் 6500 வரை சுழல்கிறது. வேகமாகச் சுழல்வதால், அதே சாலை வேகத்துக்கு அதன் கியரை 1.6 மடங்கு கூடுதல் விகிதத்தில் அமைக்கலாம். 150ஐ 1.6ஆல் பெருக்கிப் பாருங்கள்: 240. காகிதத்தில் தெரிந்த நூறு நியூட்டன் மீட்டர் வித்தியாசம் சக்கரத்தில் எங்கே போயிற்று? 2006 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய 2.4 லிட்டர் வி8 எஞ்சின்களின் டார்க் 300 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருந்தது. 18,000 ஆர்.பி.எம்.மில் சுழன்றதால்தான் அவை 700 குதிரைத்திறனைத் தாண்டின. டார்க்தான் எல்லாம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இந்த அரைகுறை அறிவு பேச்சோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது ஓட்டுநர் இருக்கையிலும் உட்கார்ந்துகொள்கிறது! ஏற்றத்தில் முன்னால் லாரி. எதிர்ப்புறம் காலியாக இருப்பது சில நொடிகள்தான். ஓட்டுகிறவர் ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறார். எஞ்சின் முனகுகிறது, வண்டி நகர மறுக்கிறது. "கியரைக் குறையுங்கள்" என்றால், "வேண்டாம், நல்ல டார்க் இருக்கிற வண்டி" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆட்களோடு 1200 கிலோ எடையுள்ள கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கவே ஏறத்தாழ 20 கிலோவாட் வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் தனி. சிறிய எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் 100 நியூட்டன் மீட்டர் தந்தால் கிடைப்பது 16 கிலோவாட் கூட இல்லை. இருக்கிற வேகமே குறையும், லாரியை எப்படி முந்துவது? அதே வண்டியை மூன்றாவது கியருக்குக் கொண்டுவந்து 3000 ஆர்.பி.எம்.மில் விட்டால், டார்க் பெரிதாகக் கூடாமலே 30 கிலோவாட்டுக்கு மேல் வந்துவிடும். எஞ்சின் சத்தம் கூடும்தான். அதற்காகப் பதறுவதா? எஞ்சின் தாண்டக்கூடாத வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, அது சுழல வேண்டிய வேகத்தில்தான் சுழல்கிறது. சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினைக் குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு மிதி மிதிப்பதுதான் உண்மையில் ஆபத்து: எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

குறைந்த வேகத்தில் கிடைக்கும் டார்க்கை நான் பழிக்கவில்லை. நெரிசலில் அடிக்கடி கியர் மாற்றாமல் போக அது வரம். சமதளத்தில் நிதானமாக ஓட்டும்போது உயர்ந்த கியரும் குறைந்த சுழற்சியும் எரிபொருளை மிச்சப்படுத்தும். மின்சார வண்டி நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கும், பூஜ்ஜிய ஆர்.பி.எம்.மிலேயே முழு முறுக்குவிசை கிடைப்பதுதான் காரணம். ஆனால் அந்த மோட்டாரிலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டார்க் சரியத் தொடங்கும். அதையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

வண்டி நிறுவனங்களே, உச்ச எண் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டாமல், ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் டார்க் எவ்வளவு, திறன் எவ்வளவு என்ற வரைபடத்தை அச்சிடுங்கள். கூடவே கியர் விகிதங்களையும் கொடுங்கள். எந்த வேகத்தில் எந்தக் கியரில் வண்டி எப்படி இழுக்கும் என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டிய அன்றே அந்த வரைபடம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. பணம் கொடுத்து வாங்குகிறவரிடம் அதைக் காட்ட என்ன தயக்கம்?