ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும்

வீட்டில் வளர்க்கும் கெக்கோ பல்லியின் தொட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்புதான் ஹீட் மேட். ‘சூடு அதிகமானால் கெக்கோ தானாக நகர்ந்துவிடும், குளிர்காலத்தில் ஹீட் மேட்டை நேரடியாகப் பிளக்கில் மாட்டினால் போதும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடியிலிருந்து வரும் சூட்டில் வயிறு வெந்துபோகும்வரை அசையாமல் படுத்திருக்கும் ஊர்வன உண்டு. சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டிவிடலாம். லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்தின் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். மறுபக்கம் 24, 25 இருக்கட்டும், அப்போதுதான் விலகிப் போக அதற்கு இடமிருக்கும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் கெக்கோ படுக்கும் இடத்திலேயே வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் தரையின் சூட்டைக் காட்டாது. அப்புறம், அறை ரொம்பக் குளிர்ந்தால் மேட்டின் சூட்டைக் கூட்டிப் பயனில்லை, அது காற்றைப் பெரிதாகச் சூடாக்காது. அதற்குச் செராமிக் ஹீட்டர்தான். அதற்கும் தனித் தெர்மோஸ்டாட், சுற்றிலும் கம்பிக்கூண்டு.